ஒரு பிடி மண்

1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்திலே வேவ் ஹில் என்னும் மாட்டுப் பண்ணையை விட்டு ஏறக்குறைய இருநூறு பேர் வெளியேறினர். குதிரையேறி மாடு சாய்ப்போர், வேலியடைப்போர், முகாமையாளரின் இல்லத்திற் சமைப்போர், துணி தோய்ப்போர், அவர்தம் முதியோர், குழந்தைகள் என ஒரு குடியிருப்பு முழுவதுமே எழுந்து நடந்தது. கையிற் கிடைத்த சட்டி பானைகளையும் போர்வைகளையும் சுமந்துகொண்டு, பத்துப் பன்னிரண்டு மைல் தூரம் நடந்து, விக்டோரியா நதியின் வறண்ட மணற்படுகையில் அவர்கள் தங்கினர். பண்ணை நிருவாகத்தார் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. சோறும் புகையிலையும் தீர்ந்துபோனால் திரும்பி வருவர் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். ஆயின், போனவர்கள் பழைய எசமானிடம் வேலையாட்களாகத் திரும்பி வரவேயில்லை.

அவர்கள் குரிண்ஜி என்னும் ஆதிக்குடியினர். அவர்தம் தலைவர் வின்சென்ட் லிங்கியாரி, குதிரைக்கார வேலையாட்களுள் மூத்தவர், எழுத்தறியாதவர். அவர்களின் எசமானரோ இலண்டனில் வாழ்ந்த வெஸ்ட்டி பிரபுவின் குடும்பத்தினர். வட பிராந்தியம் இலங்கையைப் போல இருபது மடங்கு பரந்த நிலம். அதிலே வேவ் ஹில் பண்ணை மாத்திரமே எங்கள் மாகாணமொன்றுக்கு ஒப்பானது என்றாற் கதையின் அளவு நேயர்களுக்கு ஒருவாறு விளங்கும். அன்று உலகச் செய்தித்தாள்களிற் பல இதனைக் கூலிப் பிணக்கு என்றே எழுதின. தொழிற்சங்கத் தோழர்களும் அவ்வாறே நினைத்தனர். உண்மையில் அங்கு எழுந்த வினா கூலியைக் கடந்தது. நிலம் யாருடையது என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு வெள்ளையர் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரு விடையைச் சொல்லி வைத்திருந்தது. 1770ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி, கப்டன் குக் ஒரு சிறு தீவிலே கொடியேற்றி, கிழக்குக் கரை முழுவதையும் பிரித்தானிய மன்னருக்கு உரியதெனப் பறைசாற்றினார். 1788இல் முதற் குடியேற்றம் வந்தது. ஏனைய நாடுகளிலே பிரித்தானியர் சிற்றரசரோடு போரிட்டோ, உடன்படிக்கை செய்தோ, ஏமாற்றியோ நிலத்தைக் கவர்ந்தனர். ஏமாற்றுவதற்கேனும் அங்கெல்லாம் எதிரில் ஒருவர் இருப்பதை அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியாவிலே அதுவுமில்லை. அது எவருக்கும் உரித்தில்லாத வெற்று நிலம் என்பதே சட்டத்தின் துணிபு. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்து, ஒவ்வொரு குன்றுக்கும் சுனைக்கும் பெயரும் கதையும் கடமையும் வகுத்து வைத்திருந்த மக்கள், சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தில் உலாவும் நிழல்களாயினர்.

குரிண்ஜி நாட்டின் வழியே 1855-56ஆம் ஆண்டுகளில் அகஸ்டஸ் கிரகரி என்னும் நில ஆய்வாளர் சென்றார். நல்ல புல்வெளி என்று அறிக்கை எழுதினார். 1883இல் நற் புக்கானன் என்பவர் மாட்டு மந்தைகளுடன் வந்து வேவ் ஹில் பண்ணையை நிறுவினார். மாடு வந்த பின் நடந்தது யாது? வறண்ட நாட்டிலே நீர்நிலைதான் உயிர். ஆயிரக்கணக்கான மாடுகள் அதே நீர்நிலையிற் குடித்து, மிதித்து, சேறாக்கின. கிழங்கும் புல்விதையும் குளம்பின் கீழ் அழிந்தன, கங்காரு அகன்றது. பசித்த மக்கள் ஈட்டியால் மாட்டைக் குத்தினர். அதற்கு விடையாகத் துப்பாக்கி வந்தது. குரிண்ஜி முதியோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதைகளிலே, இன்ன ஓடையில் இன்னாரைச் சுட்டனர், இன்ன பாறையடியில் எலும்புகள் கிடந்தன என்று இடம் குறித்தே சொல்லுவர். எஞ்சியோர் உயிர்தப்புவதற்காகப் பண்ணை வீட்டின் அருகே வந்து கூடாரமிட்டனர். இப்படியாக நிலத்தின் உடையோர் அந்நிலத்திலேயே வேலையாட்களாயினர்.

1914இல் பண்ணை வெஸ்ட்டி குடும்பத்தின் கைக்கு வந்தது. இக்குடும்பம் லிவர்பூலில் இறைச்சி வியாபாரத்திலே தொடங்கி, குளிரூட்டிய களஞ்சியம், கப்பற் கம்பனி, இறைச்சிக் கடைகள், ஆர்ஜெந்தீனப் பண்ணைகள் எனப் புல்வெளி முதல் இலண்டன் இல்லத்தரசியின் கூடை வரை முழுச் சங்கிலியையும் தன் வசமாக்கியது. வருமானவரிக்கு அஞ்சிப் போர்க்காலத்திலே ஆர்ஜெந்தீனாவிற் குடியேறிய வில்லியம் வெஸ்ட்டி 1922இற் பிரபுப் பட்டம் பெற்றார் என்பது பிரித்தானிய வரலாற்றின் சுவையான பக்கங்களுள் ஒன்று. டார்வின் நகரில் 1917இல் அவர்கள் திறந்த பெரிய இறைச்சித் தொழிற்சாலை மூன்றாண்டுகளில் மூடப்பட்டது. பண்ணைகள் மட்டும் நிலைத்தன. அவை நிலைத்தமைக்குக் காரணம் வெளிப்படை. நிலத்துக்கு அற்பக் குத்தகை. உழைப்புக்குக் கூலியே இல்லை.

கூலியில்லை என்பது மிகைக்கூற்று அன்று. நெடுங்காலமாக ஆதிக்குடித் தொழிலாளர் பெற்றது கோதுமை மா, சீனி, தேயிலை, புகையிலை, எசமானர் உண்ணாது கழித்த இறைச்சித் துண்டுகள் என்பனவே. இரண்டாம் உலகப் போரின் இறுதியிலே தம் பண்ணைகளில் ஆட்குறைவு நேர்ந்தமையால், அதன் காரணத்தை ஆராய வெஸ்ட்டி கம்பனியாரே ரொனால்ட் பேர்ன்ட், கதரின் பேர்ன்ட் என்னும் மானிடவியல் அறிஞர் தம்பதியரை அனுப்பினர். அவர்கள் கண்டது கொடிது. தகரத் துண்டுகளாலும் சாக்காலும் ஆன குடிசைகள், மலசலகூட வசதியின்மை, பிறந்த குழந்தைகளிற் பல பிழையாமை, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவரும் வேலை செய்தல், உணவுக்காகப் பெண்கள் இழிவுக்கு உள்ளாதல். ஆட்குறைவுக்குக் காரணம் தேடி வந்தவர்கள் அதனைக் கண்ணெதிரே கண்டனர்: மக்கள் செத்துக்கொண்டிருந்தனர். அவ்வறிக்கை 1946இல் முடிந்தது. பொதுமக்கள் அதனை நூலாகக் கண்டதோ 1987இல்.

அரசு இந்நிலையைக் கண்டும் காணாதிருந்தது என்பதிலும், சட்டம் இயற்றி அதனை ஒழுங்குபடுத்தியது என்பதே பொருந்தும். 1953இல் வட பிராந்தியத்துக்கென ஒரு நலன்புரிச் சட்டம் வந்தது. அதிலே ஆதிக்குடியினர் என்னும் சொல்லே இல்லை. தம்மைத் தாமே பேண மாட்டாதவர்களை அரசின் காப்பிலுள்ள சிறுவர் போலக் கொள்ளலாம் என்று மட்டுமே அது கூறியது. ஆயின் 1957இல் வெளிவந்த பெயர்ப்பதிவேட்டிலே ஏறக்குறையப் பதினையாயிரம் ஆதிக்குடியினரின் பெயர்கள் இருந்தன. தாய் தந்தை பெயரும் குலமும் வரிசையாக எழுதப்பட்ட அப்பதிவேட்டுக்கு வடநாட்டு வெள்ளையர் இட்ட பரிகாசப் பெயர், குதிரைகளின் வம்சாவளி ஏடு என்பதாகும். பரிகாசம் சில வேளைகளில் உண்மையைச் சட்டத்திலும் நேராகச் சொல்லிவிடும். அப்பதிவேட்டில் உள்ளோர் எங்கு வாழ்வது, யாரை மணப்பது, எவ்வளவு கூலி பெறுவது என்பவற்றை உத்தியோகத்தர் தீர்மானித்தனர். விதிக்கப்பட்ட கூலி வெள்ளைத் தொழிலாளி பெற்றதன் சிறு பங்கே. அதுவும் பல பண்ணைகளிற் கைக்கு வராமற் கணக்குப் புத்தகத்திலேயே கழிந்தது.

குரிண்ஜி மக்களே முதன்முதல் எழுந்தவர்கள் என்று எண்ணுதல் தவறு. மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பாராப் பகுதியிலே, 1946ஆம் ஆண்டு மே முதலாம் நாள், இருபதுக்கு மேற்பட்ட செம்மறிப் பண்ணைகளில் ஏறக்குறைய எண்ணூறு ஆதிக்குடித் தொழிலாளர் ஒரே நாளில் வேலையை நிறுத்தினர். நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியிலே சிதறிக் கிடந்தவர்கள், தந்தியும் கடிதமும் அறியாதவர்கள், ஒரே நாளில் எழுந்தமை எப்படி? டூலி பின்பின், கிளான்சி மக்கென்னா என்போர் பண்ணை பண்ணையாகச் சென்றனர். நாட்களைக் குறியிட்ட நாட்காட்டித் தாள்களைக் கொடுத்தனர். நாளுக்கொரு குறியை வெட்டிவர, குறித்த நாள் வந்ததும் எல்லோரும் கருவிகளைக் கீழே வைத்தனர். டொன் மக்லியொட் என்னும் வெள்ளைத் தோழர் ஒருவர் அவர்களுக்குத் துணையாய் நின்றார். தலைவர்கள் சிறைப்பட்டனர். வேலைநிறுத்தக்காரரோ கையாற் புடைத்துத் தகரத் தாதைப் பிரித்து விற்று வயிறு வளர்த்தனர். போராட்டம் மூன்றாண்டு நீடித்தது. 1949இல் அப்பகுதிக் கம்பளியைக் கப்பலேற்ற மாட்டோம் என்று கடற்றொழிலாளர் சங்கம் மறுத்ததும் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது.

இவ்விடத்திலே இடதுசாரி இயக்கத்தைப் பற்றி இரு உண்மைகளைச் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். 1931இல், ஆதிக்குடியினருக்கு முழு உரிமையும் நிலமும் வேண்டும் என்று விரிவான வேலைத்திட்டம் வெளியிட்ட முதல் அரசியற் கட்சி அவுஸ்திரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியே. மறுபுறம், அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் பெரும் பகுதி வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையைத் தாலாட்டி வளர்த்ததும் மறுக்கவொண்ணாதது. கறுப்புத் தொழிலாளி குறைந்த கூலிக்கு வருவான் என்று அஞ்சியவர்கள், அவனுக்குச் சம கூலி கேட்பதை விடுத்து, அவனையே வெளியே தள்ளினர். மாட்டுப் பண்ணைத் தொழிலுக்கு 1951இல் வகுக்கப்பட்ட கூலி விதி ஆதிக்குடியினரை விலக்கியே எழுதப்பட்டிருந்தது. அக்கறையைக் கழுவ ஒரு தலைமுறை வேண்டியதாயிற்று.

1965இல் வட அவுஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் அவ்விலக்கை நீக்குமாறு நடுத்தீர்ப்பு மன்றத்தை வேண்டியது. பண்ணையாளர் சார்பில் வாதாடியவர் ஜோன் கேர் என்னும் பெயர்பெற்ற வழக்கறிஞர். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று, அவர் இக்கதையிலே மீண்டும் தோன்றுவார். ஆதிக்குடியினர் பண உலகை அறியாதவர்கள், அவர்தம் உழைப்பு வெள்ளையர் உழைப்புக்கு ஈடாகாது, சம கூலி கொடுத்தால் அவர்கள் வேலையிழப்பர் என்பன வாதங்களாயின. அவ்வுழைப்பின் மேலேதான் எண்பது ஆண்டுகளாக ஒரு பெருந்தொழில் நின்றது என்பதற்கு அவ்வாதத்திலே விடையில்லை. 1966 மார்ச் மாதத்தில் மன்றம் சம கூலி நீதியே என்று தீர்த்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வருவது 1968 டிசம்பரில் என்றும் கூறியது. பண்ணையாளர் தம்மைச் சரிசெய்துகொள்ள இரண்டே முக்கால் ஆண்டு அவகாசம். எண்பது ஆண்டு காத்தவர்கள் இன்னும் கொஞ்சம் காத்தால் என்ன என்பது போலும் நீதியின் எண்ணம்.

காத்திருக்க மறுத்தவர்கள் முதலில் நியூகாசில் வாட்டர்ஸ் பண்ணையில் எழுந்தனர். அது 1966 மே மாதம். அப்போராட்டத்தை ஒழுங்குசெய்தவர்களுள் ஒருவர் டெக்ஸ்டர் டானியல்ஸ், றோப்பர் நதிப் பகுதியைச் சேர்ந்த ஆதிக்குடியினர், தொழிற்சங்கத்தின் அமைப்பாளர். அதே காலத்தில் லிங்கியாரி கோவேறு கழுதையால் எறியுண்டு காயமுற்று, டார்வின் வைத்தியசாலையிற் கிடந்தார். டானியல்ஸ் அவரைச் சந்தித்தார். சங்கம் துணை நிற்கும் என்றார். வைத்தியசாலைக் கட்டிலருகே நடந்த அவ்வுரையாடலிலிருந்தே எல்லாம் தொடங்கின எனச் சில நூல்கள் கூறுவதுண்டு. அது பாதி உண்மை. லிங்கியாரிக்கு மூத்த சான்டி மோறே என்னும் குரிண்ஜிப் பெரியவர் மாடு சாய்த்துக்கொண்டு தொலைதூரம் சென்று வந்தவர். பிறவிடங்களிலே தம் இனத்தார் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதைக் கண்டு வந்து, எங்கள் நிலத்தை நாங்களே மீட்டுக்கொள்ள வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தம்மவரிடம் ஓதிவந்தவர் அவர். விதை உள்ளூரது, டார்வினிலிருந்து வந்தது மழை.

நதிப்படுகை முகாமிற் பசி தெரியலாயிற்று. மக்கள் காட்டுணவு தேடினர். முதியோர்க்குப் பழக்கமான தொழில் அது, எனினும் மாடு மேய்ந்த நிலத்திலே முன்போற் கிடைப்பதில்லை. டார்வின் துறைமுகத் தொழிலாளியும் கம்யூனிஸ்டுமான பிறையன் மானிங், தம் பெட்போர்ட் லொறியிலே மாவும் சீனியும் ஏற்றி, குழியும் புழுதியுமான பாதையில் எண்ணூறு கிலோமீற்றர் அளவு ஓட்டிச் சென்றார். பின்னும் பல முறை சென்றார். துறைமுகத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து போராட்ட நிதிக்குக் கொடுத்தனர். டானியல்ஸும் நியூகாசில் வாட்டர்ஸ் தலைவர் லுப்னா கியாரியும் சிட்னிக்கும் மெல்போனுக்கும் சென்று தொழிற்சாலை வாயில்களிற் பேசினர். தம் நாட்டின் வடக்கிலே இப்படியொரு வாழ்வு நடக்கிறது என்பதை நகரத் தொழிலாளர் பலர் அன்றுதான் கேட்டறிந்தனர்.

வடக்கே வந்தவர்களுள் பிராங்க் ஹார்டி என்னும் எழுத்தாளரும் ஒருவர். 1950இல் அவர் எழுதிய ஒரு நாவலுக்காகக் குற்றவியல் அவதூறு வழக்கிலே நிறுத்தப்பட்டு விடுதலையானவர். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அவரும் கூலிக் கணக்கோடுதான் முகாமுக்குப் போனார். அங்கே மக்களோடு இருந்து கேட்கக் கேட்க அவருக்கு ஒன்று விளங்கிற்று. கூலி உயர்ந்தாற் பண்ணைக்குத் திரும்புவீர்களா என்ற கேள்வியே அவர்களுக்குப் பொருளற்றதாயிருந்தது. பண்ணை நிருவாகத்தார் கூடுதலான கூலியும் இறைச்சியும் தருவதாக வந்து பேசிய போதும் லிங்கியாரி அசையவில்லை. வெள்ளையர் மொழியிலே அவர்களுக்குக் கிடைத்த சொல் வேலைநிறுத்தம். அச்சொல்லைக் கொண்டே அவர்கள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தனர். ஹார்டியின் சிறப்பு, தம் தவறான எண்ணத்தை மறையாது எழுதினமை. 1968இல் அவர் வெளியிட்ட நூலுக்கு அதிர்ஷ்டமற்ற அவுஸ்திரேலியர் என்று பொருள்படும் பெயரை இட்டார். அதிர்ஷ்ட நாடு என்று அவுஸ்திரேலியாவுக்கு ஒரு நூலாசிரியர் சூட்டிய பெயர் அக்காலத்திற் பலர் நாவிலும் புழங்கிற்று.

1967இன் முற்பகுதியில் மக்கள் நதிக்கரை முகாமையும் விட்டு, டாகுராகு என்னும் இடத்துக்குப் பெயர்ந்தனர். வெள்ளையர் அதனை வாட்டி ஓடை என்பர். நீர் வற்றாத அவ்விடம் அவர்தம் தொன்மைக் கதைகளின் புனிதத் தலங்களுக்கு அண்மையது. சட்டப்படி அது வெஸ்ட்டியின் குத்தகை நிலம். ஆகவே அங்குக் கால் வைத்தது அத்துமீறல். பணியை விட்டு நீங்குதல் ஒன்று. எசமானின் வேலிக்குள் வந்து அடுப்பு மூட்டுதல் வேறொன்று. அங்கே ஒரு பலகையை நாட்டினர். குரிண்ஜி மக்களின் சுரங்கக் குத்தகையும் மாட்டுப் பண்ணையும் என்று ஹார்டி அவர்கள் சொற்படி அதிலே எழுதினார். தம் இனத்தின் பெயர் எழுத்து வடிவில் எப்படியிருக்கும் என்பதை அம்மக்கள் முதன்முதல் அப்பலகையிலேதான் கண்டனர்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மகாதேசாதிபதி கேசி பிரபுவுக்கு ஒரு விண்ணப்பம் சென்றது. ஹார்டி எழுத்துதவி செய்தார். கருத்து முழுவதும் முகாமினது. ஏறக்குறைய ஐந்நூறு சதுர மைல் நிலத்தை வேவ் ஹில் குத்தகையிலிருந்து பிரித்துத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அவர்கள் கேட்டனர். கூட்டுறவு முறையிலே பண்ணை நடத்துவோம் என்றனர். நட்டஈடு பற்றி அவர்கள் கூறியதுதான் விண்ணப்பத்தின் உயிர்நாடி. ஐம்பதாண்டுக்கு மேலாகத் தாமும் தம் தந்தையரும் கூலியின்றியும் அற்பக் கூலிக்கும் உழைத்ததிலேயே வேண்டிய அளவு கொடுத்தாயிற்று என்பது அதன் சாரம். பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் உபரி உழைப்பை எழுத்தறியாத மனிதர் ஒரு வாக்கியத்தில் அடக்கினர்.

மே மாதம் 27ஆம் திகதி அவுஸ்திரேலியாவிலே சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆதிக்குடியினரைக் குடித்தொகையிற் சேர்த்து எண்ணலாகாது என்ற விதியை நீக்கவும், அவர்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கவும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இசைந்தனர். நாடு தன் நல்லுள்ளத்தை மெச்சிக்கொண்டது. அடுத்த மாதமே கேசி பிரபுவின் மறுமொழி டாகுராகுவுக்கு வந்தது: விண்ணப்பத்துக்கு அரசு இணங்கவில்லை. எண்ணுவதற்கு மக்கள், நிலங் கேட்டால் அந்நியர். 1968இல் எட்டுச் சதுர மைலாவது கொடுக்கலாம் என்று அமைச்சர் ஒருவர் பரிந்துரைத்ததையும் அமைச்சரவை தள்ளியது. அதற்குப் பதிலாக அரசின் நலன்புரிக் குடியிருப்பிலே வீடுகள் தருவோம் என்றது. குரிண்ஜி மக்கள் அவ்வீடுகளுக்குப் போக மறுத்து டாகுராகுவிலேயே தங்கினர். அங்கே வேலி போட்டனர்.

ஏனைய பண்ணைகளில் நடந்ததை நோக்குவார்க்கு அவர்தம் பிடிவாதத்தின் அறிவு புலனாகும். சம கூலி விதி 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பண்ணையாளர் பலர் கணக்குப் பார்த்தனர். ஹெலிகொப்டரும் கம்பிவேலியும் மலிவு என்று கண்டனர். கூலியின்றி இருக்கும்வரை தாங்கிய குடியிருப்புகளைக் கூலி வந்ததும் கலைத்தனர். தலைமுறை தலைமுறையாகத் தம் நாட்டிலேயே, எசமானின் கீழாயினும், வாழ்ந்தவர்கள் சிறு நகரங்களின் ஓரத்திலே வேலையற்றோராய்க் குவிந்தனர். நீதி கேட்டுப் பெற்ற கூலி, நிலமில்லாதபடியால் நாடுகடத்தலாய் முடிந்தது. இதனைக் காட்டிச் சம கூலியே பிழை என்பாரும் உளர். பிழை கூலியில் இல்லை. நிலத்தைப் பண்ணையாளரிடம் விட்டுவைத்ததில் இருந்தது.

நீதிமன்றமும் வழி திறக்கவில்லை. வடகரையிலுள்ள யிர்க்காலா மக்கள் தம் நிலத்திலே சுரங்கம் தோண்டுவதை எதிர்த்து, 1963இல் மரப்பட்டையில் ஓவியத்தோடு எழுதிய விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். பின்னர் அவர்கள் தொடுத்த வழக்கிலே 1971இல் தீர்ப்பு வந்தது: அம்மக்களுக்கு நுட்பமான ஒழுங்குள்ள சட்டமுறை உண்டு என்று நீதிபதி ஏற்றார், நிலவுரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை என்றார். 1972 ஜனவரி 26ஆம் திகதி, கன்பராவிலே பாராளுமன்றத்தின் முன்புல்லில் ஆதிக்குடி இளைஞர் கூடாரமடித்து, அதற்குத் தூதரகம் என்று பெயரிட்டனர். தம் சொந்த நாட்டிலே தாம் அந்நியர் என்பதை இதனிலும் சுருக்கமாகச் சொல்வது அரிது.

அவ்வாண்டு டிசம்பரில் கோஃப் விட்லம் தலைமையிலே தொழிற்கட்சி அரசமைத்தது. வெஸ்ட்டி கம்பனியாரும் வளைந்துகொடுத்து, ஏறக்குறைய 1,250 சதுர மைலை விட்டுக்கொடுத்தனர். 1967இற் கேட்டதிலும் இரண்டரை மடங்கு. 1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி விட்லம் டாகுராகுவுக்கு வந்தார். பத்திரத்தைக் கொடுத்த பின் குனிந்து செம்மண்ணை அள்ளி, லிங்கியாரியின் விரித்த கையிலே பெய்தார். நெடிய வெள்ளைப் பிரதமரும் முதிய மாட்டுக்காரரும் நிற்கும் அப்படம் அந்நாட்டுப் பாடநூல்களிலெல்லாம் உண்டு. அதனை எடுத்தவர் மேர்வின் பிஷப் என்னும் ஆதிக்குடிப் புகைப்படக்காரர். சடங்கு முதலிற் பந்தலின் நிழலில் நடந்ததால் ஒளி போதவில்லை என்று, வெளியே நீலவானின் கீழ் மறுபடியும் மண்ணைப் பெய்யச் சொல்லி அவர் படமெடுத்தார். மண் பெய்யும் எண்ணம், 1835இல் மெல்போன் பகுதியிலே ஜோன் பாட்மன் என்பவருக்கு அங்குள்ள குடித்தலைவர்கள் மண் கொடுத்த செய்தியை நினைந்த அறிஞர்களால் விட்லத்துக்கு உரைக்கப்பட்டது. அன்று கறுத்த கையிலிருந்து வெள்ளைக் கைக்குப் போன மண் நூற்று நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பியது. லிங்கியாரி தம் சொந்த மொழியிலே மறுமொழி கூறினார்.

படம் அழகியது, பத்திரத்தையும் வாசித்தல் வேண்டும். கொடுத்தது குத்தகையே, முழு உரித்து அன்று. விட்லம் அரசு நிலவுரிமைச் சட்டமொன்றை வகுத்துக்கொண்டிருந்த வேளை, அதே ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, மகாதேசாதிபதி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அம்மகாதேசாதிபதி, பத்தாண்டுக்கு முன் பண்ணையாளருக்காக வாதாடிய அதே ஜோன் கேர். இரு செயல்களுக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், ஒரு நாட்டை ஆளுவோர் எத்துணைச் சிறிய கூட்டத்தினர் என்பதை இது காட்டாமற் போகாது. வட பிராந்தியத்துக்கான நிலவுரிமைச் சட்டம் அடுத்த அரசின் கையால், சற்றுக் குறைந்த வடிவிலே, 1976 டிசம்பரில் நிறைவேறியது. முதலீடில்லாத மாட்டுப் பண்ணையை நடத்துவது அம்மக்களுக்கு எளிதாயிருக்கவில்லை. முழு உரித்து 1986இலேதான் கைக்கு வந்தது. லிங்கியாரி அப்போது கண்பார்வை மங்கிய கிழவர். 1988 ஜனவரி 21ஆம் திகதி அவர் காலமானார். ஐந்து நாள் கழித்து, வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காகச் சிட்னித் துறைமுகத்திலே பாய்க்கப்பல்கள் அணிவகுத்தன. பல்லாயிரம் ஆதிக்குடியினர் அதே நகரின் வீதிகளிலே எதிர்ப்பு ஊர்வலம் சென்றனர்.

வேவ் ஹில் பண்ணையின் எஞ்சிய நிலத்துக்கான வழக்கு அதன் பின்னும் நீண்டது. எவருக்கும் உரித்தில்லாத நிலம் என்ற பழைய கோட்பாட்டை 1992இல் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கிலே தள்ளிவிட்டமையால் அதற்கு வழி பிறந்தது. 2020 செப்டெம்பரில் சமஷ்டி நீதிமன்றம், அந்நிலத்தில் ஆதிக்குடியினரின் தொல்லுரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. மாட்டுப் பண்ணை தொடர்ந்து நடக்கும். வேட்டைக்கும் சடங்குக்கும் மக்கள் உரிமையோடு செல்வர். சுரங்கம் தோண்ட வருவோர் அவர்களோடு பேசியே ஆகவேண்டும். நீதிபதி இத்தீர்ப்பை வாசிப்பதற்கு நகரத்து மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜின்பராக் என்னும் இடத்திலே, பழைய பண்ணை வீட்டின் சிதைவுகளிடையே, திறந்த வெளியில் மன்று கூடியது. 1966இல் மக்கள் எழுந்து நடந்தது அவ்விடத்திலிருந்துதான். அன்று குழந்தைகளாய்ப் பெரியோரின் கையைப் பற்றி நடந்த சிலர், முதியோராய் அங்கு நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பைக் கேட்டனர்.